வாத்தியார் வீடும் பிலிப்ஸ் வீடும்



நினைவுச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள். வாத்தியார் இருந்திருந்தால் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார். "பேசிட்டுப் போங்கப்பா, எதுக்குப் பொழியணும்?" என்று கேட்டிருப்பார். எனவே பேசிவிட்டுப் போகிறோம்.

சென்ற ஆண்டு இதே நாளில் ஒரு கேள்வியை எடுத்துப் பேசி, முடிவு காணாமல் கலைந்தோம். வாத்தியார் வீட்டை என்ன செய்வது என்பதே அந்தக் கேள்வி. காலனியில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அது. இரண்டு அறை, முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் இறக்கிய திண்ணை. உள்ளே பதினோரு தகரப் பெட்டிகள் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக அவர் சேர்த்த துண்டறிக்கைகள், மாநாட்டு மலர்கள், நின்றுபோன சிற்றிதழ்கள், அம்பேத்கர் படமும் புத்தர் படமும் போட்ட திருமணப் பத்திரிகைகள், வன்கொடுமை வழக்குகளின் நகல்கள், கோலார் தங்கவயலிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அவற்றில்தான். பள்ளியில் அவர் கைப்பட எழுதிய பெயர்ப் பட்டியல் நோட்டுகளும் உண்டு. சுவரில் தோல் கிழிந்த ஒரு பறை தொங்குகிறது. அலமாரியில் ஓர் அலுமினியக் குவளை. டீக்கடை ஓலைக்கூரையில் நமக்கென்று தனியாகச் செருகி வைத்திருந்த குவளை அது. போராட்டம் நடந்த அன்று அதைக் கையோடு எடுத்து வந்துவிட்டார்.

சென்ற ஆண்டு மூன்று கருத்துகள் வந்தன. எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பெரிய நூலகத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்றார்கள் சிலர். ஸ்கேன் எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் போதும் என்றார்கள் இளைஞர்கள். வீட்டையே அருங்காட்சியகம் ஆக்க வேண்டும் என்று மற்றவர்கள் உறுதியாக நின்றார்கள். அந்தக் கடைசிக் கட்சியில் நாங்களும் இருந்தோம். வீடு அருங்காட்சியகம் ஆனால் எப்படியிருக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு கருத்தரங்குக்காக நாங்கள் மூன்று பேர் வாஷிங்டன் போக நேர்ந்தது. அங்கே அப்படி ஒரு வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்க அதில் கழித்தோம். அங்கே பார்த்ததைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எங்கள் மூவரில் ஒருவர் ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுபவர். இன்னொருவர் கல்லூரி ஆசிரியை. மூன்றாம் ஆள் உங்கள் முன்னால் நின்று இதை வாசிக்கிறார். ஆனால் மூவரும் சேர்ந்து எழுதியது.

அந்த அருங்காட்சியகத்தின் பெயர் பிலிப்ஸ் கலெக்‌ஷன். டூபான்ட் சர்க்கிள் என்ற வட்டச் சதுக்கத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், 21வது தெருவும் கியூ தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது. 1897இல் கட்டிய செங்கல் வீடு. டங்கன் பிலிப்ஸ் என்பவரின் குடும்பம் அதில் வாழ்ந்தது. 1917இல் அவருடைய அப்பா இறந்தார். மறு ஆண்டே, உலகை வாரிக்கொண்டு போன ஃப்ளூ காய்ச்சலில் அண்ணனும் போனார். அந்த இரண்டு சாவுகளின் நினைவாக வீட்டில் ஓர் ஓவியக்கூடம் அமைக்க அவரும் அம்மாவும் முடிவு செய்தார்கள். 1921இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நியூயார்க்கில் இன்று உலகப் புகழோடு இருக்கும் நவீன ஓவிய அருங்காட்சியகம் 1929இல்தான் தொடங்கியது. ஆகவே அமெரிக்காவின் முதல் நவீன ஓவிய அருங்காட்சியகம் இந்த வீடுதான். அதன் முதல் பெயரிலேயே 'நினைவு' என்ற சொல் இருந்தது. துக்கத்தில் பிறந்த இடம் என்று தெரிந்ததும் எங்களுக்கு அந்த வீட்டோடு ஓர் ஒட்டுதல் வந்துவிட்டது.

திறந்த பிறகும் அந்தக் குடும்பம் அதே வீட்டில்தான் இருந்தது. சில அறைகள் மக்களுக்கு, மற்ற அறைகள் வீட்டாருக்கு. டங்கன் பிலிப்ஸின் மனைவி மார்ஜரியும் ஓர் ஓவியர். படங்கள் பெருகி இடம் போதாமல் 1930இல்தான் அவர்கள் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீட்டுக்குள் போவது என்றால் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அண்ணனின் அம்மா பெரிய வீடுகளில் வேலை செய்தவர். பின்கட்டு வழியாகப் போய்ப் பின்கட்டு வழியாகவே வருவார். அருங்காட்சியகக் கட்டடம் என்றால் பெரிய தூண்கள், படிக்கட்டுகள், அரசாங்கத் தோரணை. அங்கே நாம் குடிமக்களாக நுழைந்துவிடுவோம். இது வீடு. கணப்பு அடுப்பு இருக்கிறது. தேக்குப் பலகை போல மின்னும் ஓக் மரப் பலகை பதித்த கூடம் இருக்கிறது. அதை இசை அறை என்கிறார்கள், இன்றும் கச்சேரி நடக்கிறது. மாடிப்படியில் ஏறும்போது மரம் கிறீச்சிடுகிறது. "யாரோ நம்மைப் பார்த்து 'யாருப்பா நீ'ன்னு கேக்கப்போறாங்கன்னே இருக்கு" என்றார் அண்ணன்.

கேட்கவும் செய்தார்கள். ஓர் ஓவியத்தை மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம், காவலுக்கு நின்ற கறுப்பினத்தவர் ஒருவர் வந்து, "ஓர் அடி தள்ளி நில்லுங்கள் ஐயா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அண்ணனின் தோள் குறுகியதை நாங்கள் பார்த்தோம். "தள்ளி நில்" என்ற சொல்லை எத்தனை மொழியில் கேட்டாலும் நம் உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த அறையில் அதே காவலர், சூட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவரிடமும் அதே சொற்களை, அதே குரலில் சொன்னார். அவரும் ஓர் அடி தள்ளி நின்றார். அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த நாள் முழுக்க நிமிர்ந்தே நடந்தார்.

இந்த வீட்டின் பெருமை என்று எல்லோரும் சொல்வது ரெனுவாரின் ஓவியம் ஒன்று. ஆற்றங்கரை உணவகத்தின் மாடத்தில் படகு விட வந்த நண்பர்கள் சாப்பிட்டுக் குடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்குட்டியைக் கொஞ்சும் பெண் ஒரு தையல்காரி, பின்னாளில் ஓவியரின் மனைவியானவர். வெயிலும் பழங்களும் கண்ணாடிக் குவளைகளுமாக மனசை இளக்கும் படம்தான், மறுக்கவில்லை. 1923இல் பிலிப்ஸ் இதை 1,25,000 டாலருக்கு வாங்கினார். ரோத்கோவின் ஓவியங்களுக்கென்று ஒரு சிறிய அறை இருக்கிறது. நான்கு சுவருக்கு நான்கு படம். உருவம் எதுவும் இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, காவி என்று வண்ணப் பட்டைகள்தான். நடுவில் ஒரு பெஞ்சு. பெஞ்சு போதும் என்று சொன்னவர் ரோத்கோவேயாம். ஆசிரியை அதில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "அம்மா செம்மண்ணு பூசின சுவத்துக்கு எதிரா உட்கார்ந்து படிச்சது ஞாபகம் வந்துச்சு" என்றார். அண்ணனுக்கு அந்த அறை பிடிக்கவில்லை. இரண்டும் சரிதான்.

நாங்கள் அங்கே போனது வேறொன்றுக்காக. ஜேக்கப் லாரன்ஸ் வரைந்த இடப்பெயர்வு ஓவியங்களைப் பார்க்க.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பருத்திக் காட்டில் குத்தகைக் கூலிகளாக, கடனில் மூழ்கி, எந்த நேரமும் கும்பலால் அடித்துக் கொல்லப்படலாம் என்ற பயத்தில் வாழ்ந்தவர்கள். சிகாகோ, நியூயார்க், டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் என்று ஆலைகள் இருந்த ஊர்களுக்கு ரயில் ஏறினார்கள். 1970 வரைக்கும் அது ஓயவில்லை; சுமார் 60 லட்சம் பேர் போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். லாரன்ஸின் பெற்றோர் அப்படிப் போனவர்கள்தான். 1917இல் பிறந்த அவர், பதின்மூன்று வயதில் ஹார்லெமுக்கு வந்தார். அங்கே கறுப்பினத்தவரின் ஆவணங்களுக்கென்றே இருந்த நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்தார். 1940-41இல் 60 ஓவியங்களாக அந்த வரலாற்றை வரைந்து முடித்தபோது அவருக்கு வயது 23.

60 படமும் சின்னச் சின்னப் பலகைகள். பன்னிரண்டு அங்குலம், பதினெட்டு அங்குலம். நம் பள்ளிச் சிலேட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அந்த அளவு. பலகைகளுக்குப் பூச்சு கொடுத்துத் தயார் செய்ததில் உதவியவர் க்வெண்டலின் நைட், அவரும் ஓவியர், பின்னர் அவர் மனைவி. முதலில் ஒவ்வொரு படத்துக்கும் உரிய வாசகத்தை எழுதினார்கள். பிறகு அறுபதையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்ணமாகப் பூசினார் லாரன்ஸ். கறுப்பு என்றால் அறுபதிலும் கறுப்பு, அடுத்து இன்னொரு நிறம். அதனால் முதல் படத்தில் இருக்கும் மஞ்சளும் கடைசிப் படத்தில் இருக்கும் மஞ்சளும் ஒரே மஞ்சள். தனித்தனிப் படமாகப் பார்த்தாலும் இது ஒரே படம்தான்.

நாங்கள் போன நாளில் சுவரில் இருந்தவை சில மட்டும். மற்றதை அங்கேயே புத்தகத்தில் பார்த்தோம். முதல் படம் ரயில் நிலையம். சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று மூன்று வாசல். மூட்டையும் தொப்பியுமாக ஒரு கூட்டம் முண்டியடிக்கிறது. யாருக்கும் தனியாக முகம் இல்லை. அண்ணன் இந்தப் படத்தின் முன்னால் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். "பங்காருப்பேட்டையில வண்டி மாறி மாரிக்குப்பம் போற கூட்டம் இப்படித்தாம்ப்பா. எங்க தாத்தா சொல்வாரு. இந்தப் பக்கம் ஒரு கேட்டு போட்டு கோலார், ரங்கூன், பினாங்குன்னு எழுதிட்டா நம்ம ஜனம்தான்." வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து தங்கவயலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் பாதிக் கை உயரும். பண்ணையிலிருந்து தப்பிப் பூமிக்கு அடியில் போனார்கள். தூசு தின்று நெஞ்சு காய்ந்தார்கள். ஆனால் கையில் சம்பளம் வாங்கினார்கள், சங்கம் வைத்தார்கள், பௌத்தம் படித்தார்கள், அயோத்திதாசரின் இதழுக்குச் சந்தா கட்டினார்கள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த இடப்பெயர்வை 60 படமாக நம்மில் யாரும் இன்னும் வரையவில்லை.

33ஆவது படத்தில் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறுமி கடிதம் வாசிக்கிறாள். வடக்கே போன உறவினர் எழுதிய கடிதம். இங்கே பரவாயில்லை, புறப்பட்டு வாருங்கள் என்ற செய்தி. வாத்தியாரின் நான்காவது பெட்டியில் இருப்பவை இவைதான். தங்கவயலிலிருந்து வந்த கார்டுகள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சிறுவனாக இருந்தபோது வாத்தியார்தான் வாசித்துக் காட்டினார். வாசித்த பின் வேண்டாம் என்று போட்டதை எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய சேகரிப்பு அங்கேதான் தொடங்கியது.

15ஆவது படத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கும்பல் கொலையைப் பற்றியது. நாம் எதிர்பார்த்தது தொங்கும் உடல். லாரன்ஸ் உடலை வரையவில்லை. வெட்டவெளி. ஒரு கிளை. அதில் வெறும் சுருக்குக் கயிறு. கீழே ஒருவர் குறுகி உட்கார்ந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. அவ்வளவுதான். கொல்லப்பட்டவரை அவர் இன்னொரு முறை காட்சிப்பொருளாக்கவில்லை. அந்தக் கொலைகளைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்ற நாடு அது. அந்த நாட்டில் இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் உடலை வரைய மறுத்திருக்கிறான். நம் ஊரில் கொலையுண்ட பிள்ளைகளின் சிதைந்த படங்களைக் கைபேசியில் வைத்து, நியாயம் கேட்கிறோம் என்று நினைத்து ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொள்கிறோமே, அதை நினைத்து நாங்கள் மூவரும் அங்கே பேசாமல் நின்றோம்.

49இல் ஓர் உணவகம். நடுவே மஞ்சள் தடுப்பு ஒன்று வளைந்து போகிறது. ஒரு பக்கம் வெள்ளையர், ஒரு பக்கம் கறுப்பர். வடக்கிலும் பாகுபாடு உண்டு, வேறு வடிவத்தில் என்று சொல்லும் படம். 53இல் பகட்டாக உடுத்திய ஒரு கறுப்பினத் தம்பதி. முன்னாலேயே நகரத்துக்கு வந்து நிலைபெற்றவர்கள், புதிதாக வந்த தம் சொந்த மக்களை அருவருப்போடு பார்த்தார்கள் என்பது அதன் பொருள். லாரன்ஸ் தம் மக்களைப் பற்றிய பெருமைப் பாட்டு மட்டும் பாடவில்லை. அரசு வேலை வாங்கி, குவார்ட்டர்ஸில் குடியேறி, ஊரிலிருந்து வரும் சித்தப்பாவைப் பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் அனுப்பிவைத்த கதை நம்மில் பலருக்கு உண்டு. எங்களுக்கும் உண்டு. எந்த வாசலில் நின்று அனுப்பினோம் என்பதுகூட நினைவிருக்கிறது.

57இல் ஒரு பெண் தனியாக நின்று துணி வெளுக்கிறாள். உடல் முழுக்க வெள்ளை உடை. கையில் நீளக் கோல். அவளைச் சுற்றி வண்ண வண்ணத் துணிகள். வெளுப்பவளின் வேலையை இவ்வளவு கம்பீரமாக வரைந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆசிரியை அந்தப் படத்தின் அஞ்சலட்டை ஒன்று வாங்கினார். இந்த வீட்டில் அந்தக் காலத்தில் துணி வெளுத்தவர் யார், அடுப்பு மூட்டியவர் யார் என்று மாடிப்படி இறங்கும்போது கேட்டார்.

இப்போது 45ஆவது படம். ரயில் பெட்டிக்குள் ஒரு குடும்பம். முன்னால் சாப்பாட்டுக் கூடை. சன்னலுக்கு வெளியே புகைபோக்கிகள். அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் ஊர் பிட்ஸ்பர்க்.

டங்கன் பிலிப்ஸின் பணம் எங்கிருந்து வந்தது என்று போவதற்கு முன்பே படித்திருந்தோம். அவருடைய அம்மாவின் அப்பா ஜேம்ஸ் லாக்லின். பிட்ஸ்பர்க்கின் ஜோன்ஸ் அண்டு லாக்லின் ஸ்டீல் கம்பெனி அவர் பெயரில் பாதியைத் தாங்கியது. முதல் உலகப் போரின்போது தெற்கிலிருந்து வந்திறங்கிய கறுப்பினத் தொழிலாளர்களை வேலைக்கு எடுத்துக்கொண்ட ஆலைகளில் அதுவும் ஒன்று. அந்தக் கம்பெனி கட்டிய அலிக்விப்பா என்ற ஆலை ஊரில், தொழிலாளர் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்து 'பிளான்' ஒன்று, இரண்டு என்று எண் போட்டார்கள். ஊர், சேரி என்று பெயர் வைக்கவில்லை, எண் வைத்தார்கள். அங்கே சங்கம் சேர்த்த தொழிலாளர்களைக் கம்பெனி வேலையைவிட்டுத் துரத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1937இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் அது பெரிய தீர்ப்பு. பிலிப்ஸ் ஆலையை நடத்தியவர் அல்ல, வாரிசாகப் பிறந்தவர். ஓவியத்தைக் காசாகப் பார்க்காமல் காதலித்தவர். புகழ் பெறாத ஓவியர்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்பி வாழவைத்தவர். எல்லாம் உண்மை. அந்த 45ஆவது படத்தில் சன்னலுக்கு வெளியே புகைவது அந்த வீட்டின் செங்கல் என்பதும் உண்மை. அந்தக் குடும்பம் ரயிலைவிட்டு இறங்கி உருக்கு ஆலைக்குள் போய், உழைத்து, கடைசியில் படமாக முதலாளியின் பேரன் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் சொன்னார்: "நல்லா உட்காரட்டும். அவங்க வீடுதானே."

விலையையும் சொல்லிவிட வேண்டும். 1942இல் பிலிப்ஸ் 30 படங்களை வாங்கினார். மீதி 30ஐ நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகம் வாங்கியது. ஒவ்வொரு முப்பதுக்கும் 1,000 டாலர். ஒரு படத்துக்கு 33 டாலர் சொச்சம். பத்தொன்பது ஆண்டுக்கு முன்னால் ரெனுவாருக்குக் கொடுத்த விலையை நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாரன்ஸ் அன்றைக்கு இளைஞர், ரெனுவார் மறைந்த மேதை, சந்தை அப்படித்தான் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும்.

எங்களை அதிகம் உறுத்தியது விலை அல்ல, பாகப்பிரிவினை. ஒற்றைப்படை எண்ணெல்லாம் வாஷிங்டனுக்கு, இரட்டைப்படை எண்ணெல்லாம் நியூயார்க்குக்கு. ஒன்று, மூன்று, ஐந்து இங்கே. இரண்டு, நான்கு, ஆறு அங்கே. கொலைக்கயிறு வாஷிங்டனில் இருக்கிறது. அடுத்த படத்தில் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் பெண் நியூயார்க்கில் இருக்கிறாள். பிள்ளைகள் கரும்பலகையில் எழுதும் 58ஆவது படமும் அங்கேதான். எப்போதாவது இரண்டு இடத்தாரும் மனமொத்து 60ஐயும் ஒன்றாக மாட்டுகிறார்கள். மற்ற நாளில், ஒரு மக்களின் கதையை ஒரு வரி விட்டு ஒரு வரியாகத்தான் படிக்க முடியும். பிரிக்காமல் இருந்திருந்தால் ஒரு இடத்தில் மட்டும் முடங்கியிருக்கும், பிரித்ததால் இரண்டு நகரத்தார் பார்க்கிறார்கள் என்றும் வாதிடலாம். ஆசிரியை அப்படித்தான் வாதிட்டார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "பெட்டிங்களை ஆளுக்கு அஞ்சுன்னு பிரிச்சுக் குடுப்பியா?" என்று கேட்டார். விவாதம் ஓட்டல் அறை வரை வந்தது.

அந்த நகரத்தில் இன்னொரு வீடும் இருந்தது. ராண்டால்ஃப் பிளேஸ் என்ற தெருவில். ஜேம்ஸ் ஹெரிங் என்பவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் ஓவியத் துறையை உருவாக்கிய கறுப்பின ஆசிரியர். அவரும் அலான்சோ ஏடன் என்ற காப்பாளரும் 1943இல் தங்கள் வீட்டிலேயே ஓவியக்கூடம் திறந்தார்கள். ஏடனின் அம்மா பெயரைச் சேர்த்து பார்னெட்-ஏடன் கேலரி என்று அழைத்தார்கள். உணவகமும் பள்ளியும் நிறத்தால் பிரிந்து கிடந்த தலைநகரில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் நின்று படம் பார்த்த இடம். லாரன்ஸ் தலைமுறையினரின் படங்களைச் சேகரித்தார்கள். ஏடன் 1961இலும் ஹெரிங் 1969இலும் இறந்தார்கள். அதோடு கதவு மூடியது. தொகுப்பு பிரிந்தது, கைமாறியது. பல ஆண்டு கழித்து ஒரு செல்வந்தர் பெரும்பகுதியை வாங்கினார், கொஞ்சம் புதிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரே நகரம், அன்புக்கும் அறிவுக்கும் இரண்டு வீட்டிலும் குறைவில்லை. ஒரு வீட்டுக்குப் பின்னால் உருக்கு ஆலை இருந்தது. இன்னொரு வீட்டுக்குப் பின்னால் வாத்தியார் சம்பளம் இருந்தது.

அந்தக் கேலரிக்குத் துணைத் தலைவராக இருந்தவர் ஆல்மா தாமஸ். ஹோவர்டின் ஓவியத் துறையில் 1924இல் முதல் பட்டதாரி. பதின்பருவத்தில் ஜார்ஜியாவிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு வந்தவர். அதே நகரத்தின் பள்ளி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டு பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்து, ஓய்வு பெற்ற பிறகுதான் முழுநேரமாக வரைந்தார். எண்பதாம் வயதில், 1972இல், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. கறுப்பினப் பெண் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் முறை. அவருடைய படம் ஒன்று பிலிப்ஸ் வீட்டிலும் இருக்கிறது. சிறுசிறு வண்ணக் கட்டிகளை அடுக்கியது போல, இலை உதிர்கால மலர்களில் காற்று அசைவது. அவர் வாழ்ந்த வீடு 15வது தெருவில். பிலிப்ஸ் வீட்டிலிருந்து மாலையில் நடந்தே போய்விட்டோம். இப்போது அது தனியார் வீடு. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று சன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தச் சன்னல் வழியே தெரிந்த மரத்தைப் பார்த்துத்தான் அவர் வரைந்தாராம். ஆசிரியைக்கு அந்தச் சன்னல் பிலிப்ஸ் வீட்டின் எல்லா அறைகளையும்விடப் பெரிதாகத் தெரிந்தது.

தோழர்களே, இவ்வளவையும் சொன்னது ஊர் சுற்றிய கதையைச் சொல்ல அல்ல. நம் ஆவணங்கள் எப்படிப் பிழைத்தன என்று உங்களுக்குத் தெரியும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழை இன்று முழுத் தொகுதியாக எடுத்துப் படிக்க வழியில்லை. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் சில பௌத்தக் குடும்பங்களும் பரணிலும் பெட்டியிலும் அதைக் காத்ததுதான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து அந்தச் சிந்தனைகள் வெளிவந்தபோது, தொண்ணூறு ஆண்டு மறைந்திருந்த ஒரு முன்னோர் திரும்பி வந்தார். வீடுகள் காப்பாற்றிய வரலாறு நம்முடையது. அதே வீடுகளில் ஒழுகும் கூரையும் கரையானும் உண்டு என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம். வாத்தியாரின் ஏழாவது பெட்டியில் பாதி போய்விட்டது. போன மாதம் திறந்து பார்த்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் நாங்கள் நேராக வாத்தியாரம்மாவிடம் போனோம். சென்ற ஆண்டு நாம் இவ்வளவு பேசியும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அது நம் தவறு. அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பிலிப்ஸ் வீட்டின் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "வீட்டைக் கண்ணாடிப் பொட்டி ஆக்கிட்டா நான் எங்கப்பா உட்காருவேன்?" என்றார். அந்தக் குடும்பம் ஒன்பது ஆண்டு மக்களோடு சேர்ந்தே அந்த வீட்டில் இருந்தது என்று சொன்னோம். அதற்குப் பிறகுதான் முகம் தெளிந்தது. அடுப்படியும் திண்ணையும் அவருக்கு. பின்னறையும் முன்னறையும் நமக்கு. அவர் இருக்கும் வரை இப்படி.

எங்கள் திட்டத்தையும் சொன்னோம். வாசலில் நுழைந்ததும் நேர் எதிரே அந்த அலுமினியக் குவளை. மேலே ஒரு விளக்கு. வருபவர் நெஞ்சில் அறைய வேண்டும் என்று வரைபடமே போட்டிருந்தோம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அத வாசல்ல வெக்காதீங்க. வர்ற புள்ளைங்க மொதல்ல அதையா பாக்கணும்? அவரு அத எடுத்தாந்த நாள்லேருந்து அதுல நான் தண்ணிகூட மோந்ததில்ல. உள்ள இருக்கட்டும். கேட்டாக் காட்டுங்க. வாசல்ல அந்த நோட்டை வையுங்க."

நோட்டு என்று அவர் சொன்னது வகுப்புப் பெயர்ப் பட்டியல்களை. வாத்தியார் சேர்த்த முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும் அதில் இருக்கிறார்கள். அப்பா பெயர், ஊர், எந்த வகுப்பில் நின்றுபோனார், யார் போய்த் திரும்ப அழைத்து வந்தது என்று ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறார். அண்ணன் பெயர் இருக்கிறது. ஆசிரியையின் பெயருக்கு எதிரே 'மீண்டும் சேர்ந்தாள்' என்று இரண்டு முறை எழுதியிருக்கிறது. அந்த நோட்டைப் புரட்டியபோது, லாரன்ஸ் உடலை வரையாமல் விட்ட அந்தப் பதினைந்தாம் படம்தான் எங்களுக்கு நினைவு வந்தது. அம்மா அதைப் பார்த்ததில்லை. வரைபடத்தைக் கிழித்துப் போட்டோம்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன்னால் மூன்று வேண்டுகோள். பெட்டிகளை யாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டாம். ஸ்கேன் எடுப்போம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகல் தருவோம். மூலம் பதினோரு பெட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும். இரண்டாவது, பணம். நமக்கு உருக்கு ஆலை இல்லை. மாதம் நூறு ரூபாய் தர இருநூறு பேர் கையெழுத்திட்டால் கூரையும் மின்சாரமும் ஒரு பிள்ளையின் சம்பளமும் நிற்கும். சந்தா நோட்டு வாசலருகே மேசையில் இருக்கிறது, போகும்போது பாருங்கள். மூன்றாவது, ஐப்பசி மழைக்கு முன்னால் பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் ஏற்றியாக வேண்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறோம். பழைய பருத்தி வேட்டி இருந்தால் கொண்டு வாருங்கள், தாளுக்கு இடையே வைக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் வேண்டாம். வருகிறவர்களுக்கெல்லாம் தானே டீ போட்டுத் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். அவர் கையால் டீ குடித்து நாளாகிறது.